விலை கேட்கும் வளர்ச்சி, நிறுவனம் தரும் வளர்ச்சி

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை கடலூர், புதுச்சேரிப் பகுதிகளிலிருந்து வந்த கடிதங்களில் ஐந்து ஒரே பொருளைத் தொட்டன. நன்கு வளர்ந்து நிலைபெற்றுவிட்ட தொழில்நுட்ப நிறுவனங்களின் பங்கு விலை, அவற்றால் இனி எட்டக்கூடிய வளர்ச்சிக்கு ஏற்றதாக இருக்கிறதா என்பதே அது. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். இன்ன பங்கை வாங்குங்கள், இன்னதை விற்றுவிடுங்கள் என்று சொல்வது, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியில் பதிவு பெற்ற ஆலோசகரின் வேலை. கணக்குப் போடும் முறையைச் சொல்வதே இந்தப் பகுதியின் வேலை.

கேள்வி: பணி ஓய்வின்போது கிடைத்த தொகையில் ஒரு பகுதியை, 2022 ஜனவரியில் நம் நாட்டின் பெரிய மென்பொருள் நிறுவனம் ஒன்றின் பங்குகளில் போட்டேன். அந்த நிறுவனத்தின் லாபம் அன்று முதல் கூடித்தான் வருகிறது. ஆனால் மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் பங்கின் விலை நான் வாங்கிய விலைக்குக் கீழேதான் இருந்தது. அந்தப் பணத்தை ஆப்பிள் பங்கில் போட்டிருந்தால் பெருகியிருக்கும் என்று என் மகன் சொல்கிறான். நான் எங்கே தவறினேன்? ஒரு பங்கின் விலை, நடக்கக்கூடிய வளர்ச்சியைத்தான் காட்டுகிறதா என்பதை என்னைப் போன்றவர்கள் எப்படிக் கண்டுகொள்வது?
– ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், பண்ருட்டி

பதில்: ஐயா, நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்ததில் நீங்கள் தவறவில்லை. நல்ல நிறுவனமா என்று பார்த்தீர்கள். நீங்கள் கொடுத்த விலை நியாயமாவதற்கு அது இனி எவ்வளவு வளர்ந்தாக வேண்டும் என்று பார்க்கவில்லை. இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

பண்ருட்டிக்காரரான உங்களுக்கு இதை முந்திரித் தோப்பை வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும். நட்டு நான்கைந்து ஆண்டுகளே ஆன தோப்பை விலை பேசும்போது, இந்த ஆண்டு எத்தனை மூட்டை கொட்டை கிடைத்தது என்று மட்டும் பார்ப்பதில்லை. மரம் இன்னும் படரும், காய்ப்பு இன்னும் கூடும் என்ற எதிர்பார்ப்புக்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறோம். இருபது ஆண்டு கண்ட தோப்பும் நல்ல தோப்புதான். ஆண்டு தவறாமல் மகசூல் தரும். ஆனால் கிளைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, இனிப் படர இடமில்லாமல் நிற்கும் அந்தத் தோப்புக்கு இளந்தோப்பின் கணக்கில் விலை கொடுப்பவர், மரத்தில் எந்தக் குறையும் இல்லாமலேயே நட்டப்படுவார். பங்குச் சந்தையில் அந்த எதிர்பார்ப்பின் அளவைக் காட்டுவதுதான் பி.இ. விகிதம், அதாவது பங்கின் விலை அதன் ஓராண்டு லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்ற எண்.

உங்கள் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அதே துறையில் எல்லோரும் அறிந்த டி.சி.எஸ். நிறுவனத்தின் கணக்கைப் பார்ப்போம். 2021-22 நிதியாண்டில் அதன் நிகர லாபம் 38,327 கோடி ரூபாய். பங்கொன்றுக்கு 103 ரூபாய் 62 காசு. 2024-25இல் நிகர லாபம் 48,553 கோடி ரூபாய். பங்கொன்றுக்கு 134 ரூபாய் 19 காசு. மூன்றே ஆண்டுகளில் பங்கொன்றுக்கான லாபம் ஏறத்தாழ 30 சதவீதம் உயர்ந்திருக்கிறது. ஆண்டுக்கு 9 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் 2022 ஜனவரியில் 4,000 ரூபாயைத் தாண்டிய அதன் பங்கு, 2025 மார்ச் இறுதியில் சுமார் 3,600 ரூபாயில் இருந்தது. முன்னதில் விலை லாபத்தைப் போல ஏறத்தாழ 39 மடங்கு. பின்னதில் 27 மடங்கு. தோப்பு கூடுதலாகவே காய்த்தது. அதற்குக் கொடுக்கப்பட்டிருந்த எதிர்பார்ப்பின் விலைதான் இறங்கியது.

இனி உங்கள் மகன் சொன்ன ஆப்பிளைப் பாருங்கள். 2022 செப்டம்பரில் முடிந்த ஆண்டில் அதன் வருவாய் 39,400 கோடி டாலர், பங்கொன்றுக்கான லாபம் 6.11 டாலர். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2024 செப்டம்பரில் முடிந்த ஆண்டில், வருவாய் 39,100 கோடி டாலர், பங்கொன்றுக்கான லாபம் 6.08 டாலர். அந்த ஆண்டில் ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றால் அயர்லாந்து வரிக்கென ஒரே தடவையாக சுமார் 1,000 கோடி டாலரை ஒதுக்க நேர்ந்தது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் பங்கொன்றுக்கான லாபம் இரண்டு ஆண்டுகளில் 10 சதவீத அளவுக்கே கூடியிருக்கிறது. பங்கின் விலையோ 2022 செப்டம்பர் இறுதியில் இருந்த 138 டாலரிலிருந்து 2024 செப்டம்பர் இறுதியில் 233 டாலராக, கிட்டத்தட்ட 70 சதவீதம் ஏறியது. வருவாய் அசையாமல் நின்ற நிறுவனத்தின் பங்கு ஏறுகிறது. லாபம் 30 சதவீதம் வளர்ந்த நிறுவனத்தின் பங்கு இறங்குகிறது. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவருக்கு, விலை ஏறியதாலேயே நிறுவனம் வளர்ந்தது என்றோ, விலை இறங்கியதாலேயே நிறுவனம் தளர்ந்தது என்றோ சொல்ல மனம் வராது. ஆப்பிளின் வருவாய் 2025 செப்டம்பரில் முடிந்த ஆண்டில் 41,600 கோடி டாலராக, 6 சதவீத அளவுக்கு, மறுபடி வளர்ந்தது. ஆனால் விலை அதற்கு முன்பே ஏறிவிட்டது.

கணக்குக்கு வருவோம். பங்கு வைத்திருப்பவருக்கு லாபம் வரும் வழிகள் மூன்றுதான்: பங்கொன்றுக்கான லாபத்தின் வளர்ச்சி, நிறுவனம் தன் லாபத்திலிருந்து பிரித்துக் கொடுத்து கையில் வரும் டிவிடெண்ட், பி.இ. விகிதத்தின் ஏற்றம் அல்லது இறக்கம். மூன்றாவதை நம்பி ஓய்வுக்காலப் பணத்தைப் போடக்கூடாது. ஏனெனில் வளர்ச்சி மட்டுப்பட மட்டுப்பட அது இறங்குவதே இயல்பு. ஆகவே, வாங்கும்போது எந்த விகிதம் இருந்தாலும், பத்து ஆண்டுகள் கழித்து அது 20 மடங்காக இருக்கும் என்று அடக்கமாக வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு 12 சதவீதம் பலன் வேண்டும் என்றால் லாபம் எவ்வேகத்தில் வளர வேண்டும் என்று பின்னோக்கிப் போட்டுப் பார்க்கிறேன். லாபத்தில் முக்கால் பங்கை டிவிடெண்டாகத் தரும் நிறுவனம் என்றும் கொள்வோம்.

20 மடங்கில் வாங்கினால், டிவிடெண்டே ஆண்டுக்கு 3.75 சதவீதம் தந்துவிடுகிறது. மீதிக்கு லாபம் ஆண்டுக்கு சுமார் 8 சதவீதம் வளர்ந்தால் போதும். 30 மடங்கில் வாங்கினால், டிவிடெண்ட் தொடக்கத்தில் 2.5 சதவீதம்தான்; விகிதமும் இறங்கி வருவதால், லாபம் 13 முதல் 14 சதவீதம் வரை, அதுவும் பத்து ஆண்டுகள் இடைவிடாமல், வளர்ந்தாக வேண்டும். 39 மடங்கில் வாங்கியவருக்கோ 16, 17 சதவீதம் தேவைப்படுகிறது. பத்து ஆண்டில் லாபம் கிட்டத்தட்ட ஐந்து மடங்காக வேண்டும் என்று அதற்குப் பொருள். விலை கேட்கும் வளர்ச்சி என்று நான் சொல்வது இதைத்தான்.

அடுத்து, நிறுவனம் தரக்கூடிய வளர்ச்சி எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இங்கேதான் ரூபாய்க் கணக்கு நம்மை ஏமாற்றும். டி.சி.எஸ்.ஸின் வருவாய் 2019-20இல் 1,56,949 கோடி ரூபாயாக இருந்து 2024-25இல் 2,55,324 கோடி ரூபாயானது. ஆண்டுக்கு 10 சதவீத வளர்ச்சி. அதையே டாலரில் பார்த்தால் 2,200 கோடியிலிருந்து 3,020 கோடி டாலர். ஆண்டுக்கு ஆறரை சதவீதம்தான். இடையில் உள்ள மூன்றரை சதவீதம் ரூபாயின் மதிப்பு இறங்கியதால் வந்தது, நிறுவனத்தின் உழைப்பால் அன்று. கடைசி ஓராண்டை மட்டும் எடுத்தால் டாலர் வளர்ச்சி 4 சதவீதத்துக்கும் கீழே. 2025 மார்ச்சில் அங்கே 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பணியாற்றினார்கள். இந்தத் துறை இதுவரை வளர்ந்தது பெரும்பாலும் ஆள் சேர்த்து, அவர்களின் உழைப்பு நேரத்தை விற்று. அந்த முறையிலேயே லாபம் பத்து ஆண்டில் ஐந்து மடங்காக வேண்டுமானால் 30 லட்சம் பேர் வேண்டியிருக்கும். ஆள் கூட்டாமல் வளர முடியும் என்பவர்கள், அது எந்த வேலையால், எந்த வாடிக்கையாளரிடமிருந்து வரும் என்று சொல்ல வேண்டும்.

ஆகவே என் கருத்து இது: 2022 ஜனவரியில் இத்துறைப் பங்குகளுக்குக் கொடுக்கப்பட்ட விலை, நடக்கக்கூடிய வளர்ச்சியின் விலையாக இருக்கவில்லை. கொரோனாக் காலத்தில் உலகெங்கும் நிறுவனங்கள் அவசர அவசரமாகக் கணினிமயமானதால் வந்த ஒரு பருவத்து மகசூலை, ஆண்டுதோறும் வரப்போகும் மகசூலாகச் சந்தை எண்ணிவிட்டது. 27 மடங்கு விலையில், லாபம் 9 சதவீதம் வளர்ந்துகொண்டே இருந்தால், டிவிடெண்டைச் சேர்த்து, விகிதம் 20க்கு இறங்குவதைக் கழித்த பின், அதை வைத்திருப்பவருக்கு ஆண்டுக்கு 9 சதவீத அளவுக்கே பலன் கிடைக்கும். அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 2023 ஏப்ரல் முதல் 8.2 சதவீதம் வட்டி தந்துகொண்டிருந்தது. அங்கே வட்டிக்கு வரி உண்டு, ஆனால் முதலுக்கு ஆபத்தில்லை. நீங்கள் வாங்கிய விலை எது என்பது அந்தப் பங்குக்குத் தெரியாது, ஐயா. வாங்கிய விலை வரட்டும் என்று காத்திருப்பதைவிட, இன்றைய விலைக்கு மேற்படி கணக்கைப் போட்டு, கிடைக்கும் சதவீதம் அந்த ஆபத்துக்குப் போதுமா என்று தீர்மானிப்பதே சரி.

கேள்வி: பெரிய தொழில்நுட்ப நிறுவனம் ஒன்று ஒன்றுக்கு ஒன்று போனஸ் பங்கு கொடுத்ததும் விலை பாதியாகிவிடுகிறது. அப்போது வாங்கினால் மலிவுதானே?
– மளிகைக் கடை உரிமையாளர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: இல்லை. 2018இல் டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ் இரண்டும் அப்படிக் கொடுத்தன. ஆப்பிள் 2020 ஆகஸ்டில் ஒரு பங்கை நான்காகப் பிரித்தது. ஒரு சிப்பம் அரிசியை நான்கு பையில் கட்டினாலும் எடை மாறாது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விலை பாதியாகும்போது பங்கொன்றுக்கான லாபமும் பாதியாகிறது, மடங்கு மாறுவதில்லை.

கேள்வி: நான் வணிகவியல் முதுகலை மாணவி. முதிர்ந்த நிறுவனம் இனி வளராது என்ற முடிவே தவறு என்றும், மைக்ரோசாஃப்ட் அதற்குச் சான்று என்றும் வகுப்பில் விவாதம் வந்தது. முதிர்ந்த நிறுவனம் என்று எதை வைத்துச் சொல்வது? செயற்கை நுண்ணறிவால் இவையெல்லாம் மறுபடி வேகமாக வளரும் என்ற எதிர்பார்ப்பு விலையில் இருப்பது நியாயமா?
– லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: வந்த கடிதங்களில் இந்தக் கேள்வியே எனக்கு மிகவும் பிடித்தது. மைக்ரோசாஃப்ட் இரண்டு பக்கத்துக்கும் சான்றாக நிற்கும் நிறுவனம்.

1999 டிசம்பர் இறுதியில் அதன் சந்தை மதிப்பு 60,000 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. அதற்கு முந்தைய ஜூனில் முடிந்த ஆண்டின் லாபத்தைப் போல அது 75 மடங்குக்கும் மேல். அப்போது ஏறிய உச்சத்தை அந்தப் பங்கு மறுபடி தாண்டியது 2016 அக்டோபரில்; கிட்டத்தட்ட 17 ஆண்டுகள். அந்த இடைவெளியில் நிறுவனம் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. ஆண்டு வருவாய் 2,300 கோடி டாலரிலிருந்து 8,500 கோடி டாலராக வளர்ந்தது. லாபம் 940 கோடியிலிருந்து 1,680 கோடி டாலரானது. அவ்வளவு வளர்ந்தும் 1999இல் கொடுத்த விலைக்கு அது ஈடாகவில்லை. இணைய வலையமைப்புக் கருவிகளைச் செய்யும் சிஸ்கோவின் கதை இன்னும் கடுமையானது. 2000 மார்ச்சில் சில நாட்கள் உலகிலேயே மிக உயர்ந்த சந்தை மதிப்புள்ள நிறுவனமாக இருந்த அதன் வருவாய், 1,890 கோடி டாலரிலிருந்து 2025இல் 5,670 கோடி டாலராக மூன்று மடங்கானது. அன்றைய 80 டாலர் விலையைப் பங்கு தாண்டியதோ 2025 டிசம்பரில்தான். இணையம் உலகை மாற்றும் என்று அன்று சொன்னவர்கள் சொன்னதெல்லாம் நடந்தது. விலைதான் அதையும் மீறிப் போயிருந்தது.

எனக்கும் இதில் பட்ட அனுபவம் உண்டு. 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில், புதுச்சேரி நேரு வீதியில் ஒரு வங்கிக் கிளையில் பணியாற்றிக்கொண்டிருந்தபோது, ஒரு மென்பொருள் நிறுவனத்தின் பங்கை அதன் லாபத்தைப் போல 100 மடங்குக்கும் மேற்பட்ட விலையில் வாங்கினேன். நிறுவனம் சொன்னபடியே வளர்ந்தது. போட்ட முதல் மீண்டு வர ஏழு ஆண்டுகள் ஆயின. அந்த ஏழு ஆண்டுகளில் அதன் ஆண்டறிக்கை ஒவ்வொன்றையும் படித்துத்தான் இந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டேன்.

இனி மறுபக்கம். 2011, 2012ஆம் ஆண்டுகளில் மைக்ரோசாஃப்ட் பங்கு அதன் லாபத்தைப் போல 10 மடங்கு அளவுக்கே விற்றது. தனிக் கணினிகளின் காலம் முடிந்தது, கைப்பேசியில் அது தோற்றுவிட்டது, இனி வளர்ச்சி இல்லை என்பது அந்த விலையின் பொருள். இணையத்தின் வழியே கணினித் திறனை வாடகைக்குத் தரும், 2010இல் வணிகத்துக்கு வந்த அசூர் மேகக்கணினிச் சேவையும், 2014 பிப்ரவரியில் சத்யா நாதெள்ளா தலைமைப் பொறுப்பேற்ற பிறகு அதற்குக் கிடைத்த முன்னுரிமையும் நிலைமையை மாற்றின. 2016இல் 8,500 கோடி டாலராக இருந்த வருவாய் 2025 ஜூனில் முடிந்த ஆண்டில் 28,200 கோடி டாலரானது. ஆண்டுக்கு 14 சதவீதம் வீதம் ஒன்பது ஆண்டுகள். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு அது அரிய வளர்ச்சி. ஆனால் 2012இல் வாங்கியவர் அந்த வளர்ச்சிக்கென்று தனியே எதையும் கொடுக்கவில்லை என்பதையும், 1999இல் வாங்கியவர் அதைப் போன்ற ஒன்றுக்கு முன்கூட்டியே முழு விலையையும் கொடுத்துவிட்டார் என்பதையும் உங்கள் விவாதத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். விலை நடக்கக்கூடியதைவிட மிகுதியாகக் கேட்பதும் உண்டு. மிகக் குறைவாகக் கேட்பதும் உண்டு.

முதிர்ச்சியை நிறுவனத்தின் வயதை வைத்துச் சொல்லக்கூடாது. அதன் பொருளை வாங்கக்கூடியவர்களில் பெரும்பாலோர் ஏற்கனவே வாங்கிவிட்டார்களா, ஈட்டும் பணத்தைத் தொழிலில் திரும்பப் போட இடமில்லாமல் பங்குதாரர்களுக்கே திருப்பிக் கொடுக்கிறதா என்பவையே அடையாளம். தடையின்றிக் கைக்கு வரும் பணத்தில் 80 முதல் 100 சதவீதம் வரை பங்குதாரர்களுக்குத் தருவதே தன் கொள்கை என்று டி.சி.எஸ். அறிவித்திருக்கிறது. அது நேர்மையான, போற்றத்தக்க கொள்கை. ஆனால் பணத்தைத் திரும்ப நட்டு வளர்க்க நிலம் குறைவு என்பதையும் அதுவே சொல்கிறது.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி: உங்கள் ஊருக்கு அருகே, கடலூர் மாவட்டத்தில், பழைய முந்திரி மரங்களை எடுத்துவிட்டு விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. 3 போன்ற ஒட்டுக் கன்றுகளை நட்டவர்கள் உண்டு. மகசூல் கூடும் என்பது உண்மை. அதற்குக் குழி வெட்டும் செலவு, கன்றின் செலவு, காய்ப்புக்கு வரும்வரை காத்திருப்பு, இடையில் புயல் என்று எல்லாமும் உண்டு. 2011 டிசம்பர் 30ஆம் தேதி அடித்த தானே புயலில் ஒரே காலையில் தோப்புகள் சாய்ந்ததைக் கண்டவர்கள் நாம். மைக்ரோசாஃப்ட் 2025 ஜூனில் முடிந்த ஓராண்டில் மட்டும் செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்களுக்கு சுமார் 8,000 கோடி டாலர் செலவிடப்போவதாக அறிவித்தது. அந்தச் செலவு முழுவதும் அந்த ஆண்டின் லாபத்தில் கழிக்கப்படாது. தேய்மானமாகப் பல ஆண்டுகளுக்குப் பிரித்துக் கழிக்கப்படும். ஆகவே இன்றைய லாபம் நாளைய சுமையை இன்னும் முழுதாகக் காட்டாமல் இருக்கக்கூடும். லாபத்தின் வளர்ச்சியோடு, தேய்மானத்தின் வளர்ச்சியையும், கையில் உண்மையாக மிஞ்சும் பணத்தின் வளர்ச்சியையும் சேர்த்துப் பாருங்கள். மூன்றும் ஒரே திசையில் போகிற நிறுவனத்துக்குச் சற்று உயர்ந்த விலையை நானும் ஒப்புக்கொள்வேன். லாபம் மட்டும் ஏறி, கையில் மிஞ்சும் பணம் குறைந்துகொண்டு வருமானால், விலையில் உள்ள எதிர்பார்ப்பு இன்னும் நிரூபிக்கப்படவில்லை என்றே கொள்வேன்.

கேள்வி: வருவாய் கூடாமலேயே சில நிறுவனங்களின் இ.பி.எஸ்., அதாவது பங்கொன்றுக்கான லாபம், மட்டும் ஏறுகிறதே, அது எப்படி? பைபேக் நல்லதா, கெட்டதா?
– கூட்டுறவு வங்கிப் பணியாளர், நெல்லிக்குப்பம்

பதில்: நிறுவனம் தன் பங்குகளைத் தானே வாங்கி ஒழித்துவிடுவதுதான் பைபேக். அப்படிச் செய்தால், அதே லாபம் குறைந்த பங்குகளுக்குப் பிரிகிறது, ஆகவே பங்கொன்றுக்கான லாபம் ஏறுகிறது. தவறேதும் இல்லை, சட்டப்படியானதும்கூட. ஆனால் அதைத் தொழிலின் வளர்ச்சி என்று எண்ணி விலை கொடுத்தால்தான் சிக்கல்.

இதற்கு ஐ.பி.எம். நிறுவனத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை. 2015க்குள் பங்கொன்றுக்கு 20 டாலர் லாபம் என்ற இலக்கை அந்த நிறுவனம் 2010இல் அறிவித்தது. இலக்கை நோக்கிச் செல்ல, பங்குகளைத் திரும்ப வாங்குவதற்கு ஏராளமான பணம் செலவானது, இ.பி.எஸ். ஆண்டுக்கு ஆண்டு ஏறியது. தொழிலோ வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. 2011இல் 10,690 கோடி டாலராக இருந்த வருவாய் 2015இல் 8,170 கோடி டாலராகச் சுருங்கியது. தொடர்ச்சியாக 22 காலாண்டுகள் வருவாய் குறைந்தது. 2014 அக்டோபரில் அந்த இலக்கையே கைவிடுவதாக நிறுவனம் அறிவிக்க வேண்டியதாயிற்று. சில தொழில் பிரிவுகளை விற்றதும், டாலர் வலுத்ததும் வருவாய்ச் சுருக்கத்துக்கு ஓரளவு காரணம் என்றாலும், மேகக்கணினியில் முன்னேற வேண்டிய ஆண்டுகளில் பணம் பங்கு வாங்குவதில் கரைந்தது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

நல்லதா கெட்டதா என்பது எந்த விலையில் வாங்குகிறார்கள் என்பதைப் பொறுத்தது. லாபத்தைப் போல 12 மடங்கு விலையில் நிறுவனம் தன் பங்கை வாங்கினால், அந்தப் பணத்துக்கு ஆண்டுக்கு 8 சதவீதத்துக்கு மேல் ஈட்டுகிறது என்று பொருள். 38 மடங்கில் வாங்கினால் 2.6 சதவீதம்தான். ஆப்பிள் 2024 மே மாதத்தில் 11,000 கோடி டாலர் அளவுக்குப் பைபேக் அறிவித்தபோது, அமெரிக்க வரலாற்றிலேயே பெரியது என்று எல்லோரும் தொகையை வியந்தார்கள்; எத்தனை மடங்கு விலையில் வாங்குகிறார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. ஆண்டறிக்கையைக் கையில் எடுத்ததும், நிகர லாபம் எத்தனை சதவீதம் கூடியது, இ.பி.எஸ். எத்தனை சதவீதம் கூடியது என்று இரண்டையும் பக்கத்தில் எழுதுங்கள். மேலே சொன்ன டி.சி.எஸ். கணக்கில் முதலாவது 27 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே, இரண்டாவது 29.5 சதவீதம், வேறுபாடு சிறிதுதான், வளர்ச்சியில் பெரும்பகுதி தொழிலிலிருந்தே வந்தது. வேறுபாடு இ.பி.எஸ். வளர்ச்சியில் பாதிக்கு மேல் இருந்தால், விலை கேட்கும் வளர்ச்சியைத் தொழில் தரவில்லை.

கேள்வி: சென்னையில் உள்ள அமெரிக்க மென்பொருள் நிறுவனம் ஒன்றில் எட்டு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். சம்பளத்தோடு தாய் நிறுவனத்தின் பங்குகளையும் தருகிறார்கள். இன்று என் சேமிப்பில் முக்கால் பங்கு அந்தப் பங்குகளாகவே இருக்கிறது. விலை இரண்டு ஆண்டுகளாக நகரவில்லை. வளர்ச்சி திரும்பும் வரை வைத்திருக்கலாமா? நிறுவனத்தை உள்ளிருந்து அறிந்தவன் நான்.
– திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: உள்ளிருப்பவருக்கு வேலை தெரியும், விலையில் என்ன எதிர்பார்ப்பு அடங்கியிருக்கிறது என்பது உள்ளிருந்து தெரிவதில்லை. உங்கள் குழு எவ்வளவு திறமையாக உழைத்தாலும், சந்தை 15 சதவீத வளர்ச்சியை எதிர்பார்த்து விலை வைத்திருக்கும் இடத்தில் நீங்கள் 9 சதவீதம் வளர்ந்தால் பங்கு இறங்கும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. அந்த நிறுவனத்தின் வளர்ச்சி குறையும் ஆண்டில் சம்பள உயர்வு நின்றுபோகும், போனஸ் சுருங்கும், ஆட்குறைப்பு நடந்தால் வேலைக்கும் ஆபத்து வரும். அதே ஆண்டில், அதே காரணத்தால், சேமிப்பில் முக்கால் பங்கும் இறங்கும். மாத வருமானமும் சேமிப்பும் ஒரே மரத்தின் இரண்டு கிளைகளாக இருக்கின்றன. வெளி முதலீட்டாளர் ஒருவருக்கு 25 மடங்கு விலை நியாயமாகப் படலாம். உங்களுக்கு அதே விலை, அதே நிறுவனத்தில், கூடுதல் ஆபத்து உடையது.

ஆகவே கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். பங்குகளுக்குப் பதிலாக அவ்வளவு பணமும் இன்று ரொக்கமாக உங்கள் கணக்கில் இருந்தால், அதில் முக்கால் பங்குக்கு இதே பங்கை இன்றைய விலையில் வாங்குவீர்களா? மாட்டேன் என்றால், வைத்திருப்பதற்கும் காரணம் இல்லை. பங்கு உங்கள் கைக்கு வந்த அன்றைய மதிப்புக்குச் சம்பளமாகவே வரி பிடிக்கப்பட்டிருக்கும். அதன் பிறகு ஏறியதற்குத்தான் மூலதன ஆதாய வரி, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தவற்றுக்கு 12.5 சதவீதம். விலை நகரவே இல்லை என்கிறீர்கள். அப்படியானால் அண்மையில் கிடைத்தவற்றை விற்பதற்கு வரி ஒரு தடையாக இராது.

ஒரேயடியாக விற்க மனம் ஒப்பாவிட்டால், இனிமேல் கிடைக்கும் பங்குகளைக் கைக்கு வந்த வாரமே விற்று, வேறு துறைகளிலும் நம் நாட்டிலும் போட்டு வரலாம். பழையவற்றுக்கு, பண்ருட்டி ஆசிரியருக்குச் சொன்ன கணக்கை நிறுவனத்தின் ஆண்டறிக்கை வெளிவரும்போது ஒருமுறை போடுங்கள்: இன்றைய மடங்கு, பத்து ஆண்டு கழித்து 20 மடங்கு, இடையில் தேவைப்படும் வளர்ச்சி. அதைக் கடந்த மூன்று ஆண்டுகளின் உண்மையான வளர்ச்சியோடு ஒப்பிட்டு, தேவைப்படுவது அதைவிட மிகுதியாக இருக்குமானால், அந்த மிகுதி எங்கிருந்து வரும் என்று உங்களால் ஒரு பொருளின் பெயரையோ ஒரு சந்தையின் பெயரையோ சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். உள்ளிருந்து அறிந்தவர் என்பதால், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் எங்களைவிட நீங்கள் நன்றாகப் பதில் சொல்ல முடியும்.